வாசல் குழாய்க் கசிவுக்கு கம்ப்ரஷன் கப்ளர்: வாங்கலாமா?

சென்னையில் மெட்ரோ வாட்டர் இணைப்புள்ள பழைய வீடுகளில், கேட்டுக்கும் சம்ப்புக்கும் (நிலத்தடித் தொட்டி) இடையே மண்ணுக்குள் ஓடும் குழாய் கசியத் தொடங்கினால் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் மண் ஈரமாகும். வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். எங்கள் வீட்டில், சம்ப்பில் விழும் தண்ணீரின் வேகம் குறைந்ததும், அடிபம்பை இயக்கும்போது முதலில் கலங்கிய தண்ணீர் வந்ததும்தான் கசிவைக் காட்டிக்கொடுத்தன. அந்தக் கசிவைச் சரிசெய்ய எங்கள் பிளம்பர் பரிந்துரைத்த பொருள், பாலி (பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாய்களை இணைக்கும் கம்ப்ரஷன் கப்ளர். கறுப்பு உடலும் இருபுறமும் நீல நட்டும் கொண்ட இந்தப் பொருளைப் பற்றியே இந்த மதிப்புரை.

கசியும் குழாயை வெறும் தண்ணீர் வீணாகும் பிரச்சினையாகப் பலர் பார்க்கிறார்கள். நாள் முழுவதும் தண்ணீர் விடப்படாத தெருவில் அது உடல்நலப் பிரச்சினை. விநியோகம் இருக்கும்போது அழுத்தத்தால் தண்ணீர் வெளியே கசிகிறது. விநியோகம் நின்று குழாயில் அழுத்தம் இறங்கியதும் சுற்றியுள்ள மண்நீர் அதே ஓட்டை வழியாக உள்ளே வரலாம். அடிபம்போ மோட்டாரோ வைத்து உறிஞ்சினால் இது இன்னும் விரைவாக நடக்கும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் ஓடினால் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வழியில் கழிவுநீர் கலந்துவிட்டால் அந்தச் சிறு அளவு தாங்காது. ஆகவே கசிவு தெரிந்த நாளிலிருந்து சரியாகும் வரை தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதே நல்லது.

வழக்கமாக முதலில் கையாளப்படுவது சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி இறுக்கிச் சுற்றிக் கட்டுவது. அடுத்தது இரண்டு உருண்டைகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்சி பசை. ட்யூப் கட்டு அன்றைய அவசரத்துக்கு உதவும், அதை மறுக்க மாட்டேன். எபாக்சியோ, ஈரமில்லாத, துருவும் மண்ணும் சுரண்டி எடுக்கப்பட்ட இரும்பின் மேல்தான் நன்றாகப் பிடிக்கும். பாலி குழாயின் வழவழப்பான மேற்பரப்பில் எந்தப் பசையும் நிலையாக ஒட்டுவதில்லை, பி.வி.சி. குழாய்க்கான சொல்யூஷனும் இதில் வேலை செய்யாது. மண்ணைப் போட்டு மூடிய பிறகு மறுபடி தோண்டக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இவை இரண்டும் தீர்வல்ல.

எங்கள் குழாயில் கேட்டுக்கு அருகில் ஒரு பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) துண்டு இருந்தது. ஓட்டை விழுந்தது மரை வெட்டிய இடத்தில். மரை வெட்டும்போது இரும்பின் கனமும் குறைகிறது, மேலிருக்கும் துத்தநாகப் பூச்சும் போய்விடுகிறது. எனவே துரு பெரும்பாலும் அங்குதான் முதலில் தின்னத் தொடங்கும். அந்தத் துண்டை அகற்றிவிட்டு, மீதமிருந்த ஜி.ஐ. முனையில் மரையுள்ள அடாப்டரும், அதிலிருந்து புதிய நீல பாலி குழாயும், அதை ஏற்கெனவே இருந்த நீலக் குழாயுடன் சேர்க்க ஒரு கப்ளரும் பொருத்தப்பட்டன. மரை வரும் பக்கத்துக்கு மட்டுமே டெஃப்லான் டேப் தேவை. கம்ப்ரஷன் பக்கத்தில் டேப் சுற்றினால் பயனில்லை, ஏனெனில் அங்கே தண்ணீரை அடைப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் ரப்பர் ஓ-ரிங்.

கப்ளரின் நட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் வேலை புரிந்துவிடும். ஓ-ரிங் தண்ணீரை அடைக்கிறது. ஒரு பக்கம் பிளவுபட்டு, உட்புறம் பற்கள் கொண்ட கூம்பு வடிவ கிரிப் ரிங் குழாயைக் கவ்விப் பிடிக்கிறது. கூம்பின் குறுகிய பக்கம் நட்டை நோக்கி இருப்பதால், குழாயை வெளியே இழுக்க இழுக்க பிடி இறுகுமே தவிர நழுவாது. குழாயைச் சாய்வில்லாமல் நேராக வெட்டி, விளிம்பின் பிசிறைச் சீவிவிட வேண்டும். கூரான விளிம்பு ஓ-ரிங்கைக் கிழித்துவிடும். "சோப்புத் தண்ணி தடவுங்க சார், எண்ணெய் மட்டும் வேண்டாம், இது குடிக்கிற தண்ணி" என்றார் பிளம்பர். உள்ளே போக வேண்டிய ஆழத்தைக் குழாயின் மேல் மார்க்கரால் குறித்துவிட்டுத்தான் அவர் தள்ளினார். ஓ-ரிங்கைத் தாண்டும் இடத்தில் ஒரு தடை தெரியும். அங்கேயே நிறுத்திவிடாமல் கோடு வரை தள்ளுவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

வாங்கும்போது அளவில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கடையில் எல்லாவற்றையும் "அரை இஞ்ச்" என்றே கேட்கிறோம். பாலி குழாயின் அளவு வெளிவிட்டத்தைக் குறிப்பது. அரை இஞ்ச் என்று விற்கப்படுவது 20 மி.மீ. அரை இஞ்ச் ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டமோ 21 மி.மீ.க்குச் சற்று அதிகம். அரை இஞ்ச் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் ஏறத்தாழ 16 மி.மீ.தான். ஆகவே 20 மி.மீ. கப்ளர் பாலி குழாய்க்கு மட்டுமே கச்சிதமாகச் சேரும். வெட்டியெடுத்த குழாய்த் துண்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. கிரிப் ரிங்கின் பற்கள் கூர்மையாக உள்ளனவா, ஓ-ரிங் முறுக்கிக்கொள்ளாமல் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா, உடலில் பி.என். 16 என்ற அழுத்தக் குறி இருக்கிறதா என்பவற்றையும் பார்க்கலாம். குறி எதுவும் இல்லாத மலிவுச் சரக்கும் பக்கத்திலேயே தொங்கும். மண்ணுக்குள் போகும் பொருளில் அதைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. நட் பெரியது, சுவரை ஒட்டி ஓடும் குழாயில் ஸ்பேனர் திரும்ப இடம் கிடைக்காது. கப்ளரின் நடுவில் தடுப்பு இருப்பதால் குழாயைச் சற்று வளைத்துத் தூக்கினால்தான் இரு முனைகளும் உள்ளே போகும். அதற்காக ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் தோண்டாமல் இருபுறமும் நீளமாகத் தோண்ட வேண்டியிருக்கிறது. சிமென்ட் தளம் போட்ட வாசலில் கப்ளரின் விலையைவிட உடைத்துப் பூசும் செலவே பல மடங்கு ஆகும்.

ஆனாலும் இதையே வாங்கச் சொல்வேன். எங்கள் பகுதிக் கடையில் ஒரு கப்ளர் நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. பசை காயக் காத்திருக்க வேண்டியதில்லை. தேவைப்பட்டால் கழற்றி மறுபடி பொருத்தலாம். பொருத்திய பின் பள்ளத்தை உடனே மூடிவிடாதீர்கள். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முழு அழுத்தத்தில் இணைப்பைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்து, ஈரம் ஏறவில்லை என்று உறுதிசெய்த பிறகு, கல் கலக்காத மணலை முதலில் போட்டு, அதன் மேல் மண்ணைத் தள்ளுங்கள். புதிய இணைப்பு வழியாக வரும் முதல் தண்ணீரைச் சம்ப்பில் விழவிடாமல் சிறிது நேரம் வெளியே ஓடவிடுவதும் அவசியம்.

இவையெல்லாம் கேட்டுக்கு உட்புறம் இருக்கும் குழாய்க்கே பொருந்தும். கசிவு சாலையிலோ, பிரதானக் குழாயில் இணைப்பு எடுத்திருக்கும் ஃபெர்ரூல் பக்கமோ இருந்தால், கப்ளரும் வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம்; குடிநீர் வாரியத்தின் 1916 என்ற எண்ணில் புகார் பதிந்து, தெருப் பெயரோடு தண்ணீர் விடும் நேரத்தையும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வந்து பார்த்தால்தான் பணியாளர்களுக்கும் கசியும் இடம் தெரியும்.