9 மிமீ கார்பைன், 14,000 ரவுண்டு: உள்ளே எது உடைந்தது, எது தாங்கியது

ஆறு ஆண்டுகளாக ஒரே கார்பைன்தான் (குட்டையான தோள் துப்பாக்கி) வைத்திருக்கிறேன். ஏஆர்-15 ரைஃபிளின் வடிவம், 9 மிமீ தோட்டா, 16 அங்குலக் குழல், நேரடி புளோபேக் (சுட்ட அழுத்தமே போல்ட்டைப் பின்னால் தள்ளும் முறை). பயிற்சிக்கும் சுடுதளப் போட்டிகளுக்கும் மட்டும். ஒவ்வொரு முறையும் எத்தனை ரவுண்டு (தோட்டா) போயிற்று என்று நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. அந்தக் கணக்கு 14,000-ஐத் தாண்டிவிட்டது.

வாங்கும்போது நானும் எல்லோரையும் போலத்தான் நினைத்தேன்: கைத்துப்பாக்கித் தோட்டாதானே, ரைஃபிளுக்காக வடிவமைத்த உடலில் இது என்ன செய்துவிடும்? 9 மிமீ லூகரின் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), ஏஆர் ரைஃபிளில் போடும் .223 ரெமிங்டனுக்கு 55,000. இந்த எண்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். குழலைப் பொறுத்தவரை அது சரியும்கூட. என் குழலில் ரைஃப்ளிங் (உள்ளே இருக்கும் சுருள் வரிகள்) இன்னும் புதிதுபோல இருக்கிறது, குறி தவறினால் பழி என்மேல்தான். ஆனால் குழலுக்குப் பின்னால் இருப்பவை வேறு கதை.

.223 துப்பாக்கியில் அழுத்தம் இறங்கும்வரை, குழலின் பின்வாயை மூடும் போல்ட் பூட்டியே இருக்கும். இதில் பூட்டு கிடையாது. போல்ட்டின் எடையும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும்தான் எல்லாம். அதனால்தான் போல்ட்டும் அதன் பின்னால் ஸ்பிரிங்கோடு ஓடும் பஃபர் என்ற எடையும் சேர்ந்து 600 கிராம் அளவுக்கு வருகின்றன. 115 கிரெய்ன் குண்டு என்றால் ஏழரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. அது விநாடிக்கு 380 மீட்டரில் வெளியே போகும்போது, வாயுவின் பங்கையும் சேர்த்தால், இந்த 600 கிராம் இரும்பு விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டரில் பின்னால் கிளம்புகிறது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் உள்ளே ஒரு சுத்தியல் அடி. தோளில் உதை பலமாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான்.

அந்த அடிக்கு முதலில் பலியானது போல்ட் கேட்ச், அதாவது மேகசின் காலியானதும் போல்ட்டைப் பின்னால் பிடித்து நிறுத்தும் நெம்பு. 3,200-க்குப் பக்கத்தில், கடைசி ரவுண்டு போன பிறகும் போல்ட் பின்னால் நிற்காமல் மூடிக்கொண்டது. மேகசின்தான் கோளாறு என்று நினைத்து ஒரு மாதத்தை வீணாக்கினேன். கழற்றிப் பார்த்தால் கேட்ச்சின் மெல்லிய நாக்கு பாதி இல்லை.

காரணம் புரிய கொஞ்ச நாள் ஆயிற்று. 9 மிமீ போல்ட், ரைஃபிளின் போல்ட்டைச் சுமக்கும் போல்ட் கேரியரை விடக் குட்டை. ரைஃபிளுக்கான பஃபர் குழாயில் (பஃபரும் ஸ்பிரிங்கும் ஓடும் பின்பக்கக் குழாய்) அதே பஃபரோடு போட்டால், தேவைக்கு மேல் பின்னால் ஓட இடம் கிடைத்துவிடும். மேகசின் காலியானதும் கேட்ச் மேலே எழும்புகிறது. போல்ட் அதைத் தாண்டி வெகுதூரம் பின்னால் போய், திரும்பி முன்னால் வரும்போது நல்ல வேகம் எடுத்து அந்தச் சின்ன நாக்கில் முட்டுகிறது. ஓடி வந்து இடிப்பதற்கும் நின்ற இடத்திலிருந்து சாய்வதற்கும் உள்ள வித்தியாசம்தான். பஃபர் குழாயின் அடியில் ஸ்பேஸர் (இடத்தை அடைக்கும் துண்டு) போட்டு, அல்லது நீளமான பஃபர் போட்டு, அந்த ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். சிலர் குழாய்க்குள் நாணயங்களை அடுக்கிச் சமாளிப்பார்கள். வேலை செய்யும், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஸ்பேஸர் அதிகத் தடிமனாகிவிட்டால் போல்ட் கேட்ச்சைத் தாண்டாது, நிற்கவும் நிற்காது. அளந்து போட வேண்டும். அதன் பிறகு மாட்டிய இரண்டாவது கேட்ச் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அடுத்தது ஹேமர் பின், அதாவது ஃபயரிங் பின்னை அடிக்கும் ஹேமர் சுழலும் அச்சு. இது ஏமாற்றுக்காரன். துப்பாக்கி ஒழுங்காகச் சுட்டுக்கொண்டே இருந்தது. 5,500 வாக்கில் சுத்தம் செய்யக் கழற்றினால் பின் இரண்டு துண்டாக வந்தது, நடுவில் பள்ளம் உள்ள இடத்தில் முறிந்திருந்தது. என் போல்ட்டின் அடிப்பகுதியில் சரிவு இல்லை, செங்குத்தான விளிம்பு. பின்னால் வரும்போது ஹேமரைச் சாய்த்துத் தள்ளாமல் ஒரே இடியாக இடித்திருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் பின் ஆடி ஆடி, அலுமினிய உடலில் உள்ள துளையே நீள்வட்டமாகியிருக்கும். பின்னை மாற்றலாம், உடலை மாற்ற முடியுமா? அடியில் சரிவு வெட்டிய போல்ட்டுக்கும், தலையில் கொக்கி வெட்டு இல்லாத வட்ட ஹேமருக்கும் மாறினேன். நல்ல எஃகு பின்னும் போட்டேன். புதிதாக வாங்குபவர்கள் கடையிலேயே போல்ட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவைக் கவ்வி வெளியே இழுக்கும் நகம்) விஷயம் இன்னும் விசித்திரம். புளோபேக்கில் சுட்ட கேஸை (தோட்டாவின் வெற்று உறையை) அழுத்தமே வெளியே தள்ளிவிடும். அதனால் எக்ஸ்ட்ராக்டரின் நகம் உடைந்தாலும் துப்பாக்கி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேஸ்கள் ஒரே பக்கம் விழாமல் கண்டபடி சிதறும், அவ்வளவுதான். 9,000-த்தில் எனக்கு நடந்தது அதுதான், நான் கவனிக்கவில்லை. ஒருநாள் சுடாத ரவுண்டை வெளியே எடுக்கப் போல்ட்டை இழுத்தேன். போல்ட் வந்தது, ரவுண்டு சேம்பரிலேயே (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து மேகசினை எடுத்து, போல்ட்டை இழுத்து, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்காமல் துப்பாக்கியைக் கீழே வைப்பதில்லை.

கேஸை வெளியே எறியும் எஜெக்டர், தோட்டாவைத் தட்டிச் சுடவைக்கும் ஃபயரிங் பின் இரண்டும் தொல்லை தரவில்லை. எஜெக்டர் ஸ்குரூ ஒருமுறை தளர்ந்தது, லாக்டைட் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதுமாக இருந்தது.

பஃபர் ஸ்பிரிங்கை மட்டும் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளியே எடுத்து, தளர்வாக வைத்து நீளத்தை அளக்க வேண்டும். கார்பைன் நீள ஸ்பிரிங் 256-இலிருந்து 286 மிமீக்குள் இருக்க வேண்டும். என்னுடையது 7,000-த்தில் 258, கீழ் எல்லையை நெருங்கிவிட்டதே என்று மாற்றிவிட்டேன். பஃபரையும் சாதாரண 3 அவுன்ஸிலிருந்து ஐந்தரை அவுன்ஸுக்கு மாற்றினேன். அதற்கு முன் கேஸ்கள் எட்ட எங்கோ போய் விழும், சிலவற்றின் அடிப்பகுதி லேசாக உப்பியும் இருக்கும். இப்போது பக்கத்திலேயே விழுகின்றன.

கசடைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அழுத்தம் முழுதாக இறங்கும் முன்பே கேஸ் நகரத் தொடங்குவதால் கரி நேராக டிரிகர் அறைக்குள் வந்து இறங்கும். எண்ணெயோடு சேர்ந்தால் கறுப்புக் குழம்பு. சைலன்சர் மாட்டினால் இரட்டிப்பு. 500 ரவுண்டுக்கு ஒருமுறை ஃபயரிங் பின் வழியையும் எக்ஸ்ட்ராக்டரின் அடியையும் துடைக்கிறேன்.

நண்பர் ஒருவர் எம்பி5 வகை ரோலர் டிலே கார்பைன் (உருளைகள் போல்ட் திறப்பதைத் தாமதப்படுத்தும் வகை) வைத்திருக்கிறார். உதை குறைவு, போல்ட் இலேசு, பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு வேறு வேலை: போல்ட் தலைக்கும் கேரியருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு இடைவெளி 0.25-இலிருந்து 0.45 மிமீக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, குறைந்தால் பெரிய ரோலர் போடுவது. ரூகர் பிசி கார்பைனில் போல்ட்டுக்குள்ளேயே நகரும் டங்ஸ்டன் எடை வைத்து அடியை வாங்கிக்கொள்கிறார்கள். அதைச் சில நூறு ரவுண்டுதான் சுட்டுப் பார்த்திருக்கிறேன், ஆயுளைப் பற்றிப் பேச அது போதாது.

என் பையில் இப்போது ஒரு போல்ட் கேட்ச், இரண்டு ஹேமர் பின், ஒரு எக்ஸ்ட்ராக்டர், அதன் ஸ்பிரிங். நோட்டில் கடைசி வரி 14,350. ஸ்பிரிங்கை மறுபடி அளக்க வேண்டியது 15,000-த்தில்.