"லைஃப்டைம் ஃப்ரீ" டிராவல் கார்டு விற்க வருகிறவர்களிடம் உஷார்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, ஜி.ஏ. ரோடு பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் அடங்கி கல்லாவில் உட்கார நேரம் கிடைக்கும் சமயம் பார்த்து, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாகப் பையன்கள் வருகிறார்கள். விற்பது கிரெடிட் கார்டு, அதிலும் செலவுக்குப் பாயிண்ட் சேர்த்து அதில் டிக்கெட் எடுக்கலாம் என்கிற டிராவல் கார்டு. பேங்கின் பெயரை நான் போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிதாகப் பயனில்லை. வேறு பேங்க் கார்டு விற்க வந்தவனும் இதே பாட்டைத்தான் பாடினான் என்று எதிர்க்கடை அண்ணன் சொன்னார்.

எங்களுடையது ரெடிமேட் கடை. சரக்கு எடுக்க சூரத் போவோம். சென்ட்ரலில் நவஜீவன் பிடித்தால் ஒரு நாளுக்கு மேல் ரயிலிலேயே போய்விடும். வீட்டுக்காரருக்கு முட்டி வலி வந்த பிறகு பெரும்பாலும் ஃபிளைட்தான். பேச்சுவாக்கில் இதைக் கேட்டுக்கொண்ட பையன் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இத்தினி தபா சூரத் போறீங்க, இன்னும் காசு குடுத்தா டிக்கெட் போடறீங்க? பாயிண்ட்லயே பறக்கலாம்க்கா."

நானும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வருடக் கட்டணம்? "லைஃப்டைம் ஃப்ரீக்கா." ஒரு பாயிண்ட் எவ்வளவு பெறும்? "ஒரு பாயிண்ட் ஒரு ரூபா." ஏர்போர்ட்டில் உட்கார்ந்து சாப்பிடும் லவுஞ்ச்? "அண்ணனையும் கூட்டினு போங்க. ரெண்டு ரூபாதான் புடிப்பான், டிபன் காபி எல்லாம் உள்ளயே." வெளிநாட்டில் தேய்த்தால்? "ஒரு பைசா எக்ஸ்ட்ரா கிடையாது." இதையெல்லாம் வாட்ஸப்பில் எழுதி அனுப்பு தம்பி என்றேன். அனுப்பினான். வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். மறுநாளே அந்த மெசேஜ்களை அவன் அழித்துவிட்டான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் என்னிடம் இருக்கிறது.

விண்ணப்பத்தை அவனே டேப்லெட்டில் நிரப்பினான். திரை அவன் பக்கம், ஓடிபி மட்டும் என் பக்கம். முதல் ஓடிபி விண்ணப்பத்துக்கு. அடுத்து ஒன்று வந்தபோது எதற்கு என்று கேட்டேன். "அதுவும் வெரிஃபிகேஷன்தான்க்கா." கார்டு பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றுக்கு என் பெயரில் சம்மதம் வாங்கிய ஓடிபி அது என்று பில் வந்தபோதுதான் தெரிந்தது. வட்டி, கட்டணம் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிய முக்கிய விவரத் தாளை விண்ணப்பத்தோடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளை என் கண்ணில் காட்டவே இல்லை.

முதல் பில்லில் வருடக் கட்டணம் ரூ.2,999, அதற்கு 18% ஜிஎஸ்டி ரூ.539.82. கீழே பாதுகாப்புத் திட்டம் ரூ.1,599. பையனுக்குப் போன் செய்தால், "வருஷத்துல மூணு லட்சம் செலவு பண்ணா அடுத்த வருஷம் ஃப்ரீக்கா, அதத்தான் சொன்னேன்" என்றான். அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை.

சரி, பாயிண்டாவது தேறுமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 150 ரூபாய் செலவுக்கு 4 பாயிண்ட். விதிமுறையில் தேடிப் பார்த்தால் ஒரு பாயிண்டின் மதிப்பு 20 காசு. அதாவது 150 ரூபாய்க்கு 80 காசு. ஒரு லட்சம் தேய்த்தால் சுமார் 533 ரூபாய். ஜிஎஸ்டியோடு சேர்த்துக் கட்டிய ரூ.3,538 திரும்பி வரவே ஆறரை லட்சத்துக்கு மேல் செலவு செய்ய வேண்டும். பாயிண்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் ரூ.99 கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. அதுவும் பேங்கின் சொந்த டிராவல் தளத்தில்தான் மாற்ற முடியும். அங்கே சூரத் டிக்கெட் பார்த்தேன். அதே விமானம், அதே நேரம், ஏர்லைன் தளத்தில் இருந்ததைவிட ரூ.640 கூட.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. கடைக்காரர்கள் எதற்குக் கார்டு தேய்ப்போம்? கடை வாடகை, கரண்ட் பில், ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ், வண்டிக்குப் பெட்ரோல். இந்தக் கார்டில் இவை எதற்கும் பாயிண்ட் கிடையாது. வாலட்டில் பணம் ஏற்றினாலும் கிடையாது. பல பேங்க் கார்டுகளில் இந்தப் பட்டியல் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கிறது, வருடத்துக்கு வருடம் நீளவும் செய்கிறது. சரக்கை வைத்துப் பாயிண்ட் ஏற்றலாம் என்றால், சூரத்தில் மொத்த வியாபாரி கார்டை நீட்டினாலே இரண்டு சதவீதம் கூடக் கேட்கிறார். அரை சதவீதப் பாயிண்டுக்கு இரண்டு சதவீதம் கொடுப்பதற்கு நவஜீவனே தேவலை.

லவுஞ்ச் கதையையும் சொல்லிவிடுகிறேன். அது தந்த எரிச்சல் பணம் போனதைவிட அதிகம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராக ஏர்போர்ட். சீக்கிரமே போய்விட்டோம், வீட்டில் டிபன்கூடச் செய்யவில்லை. லவுஞ்ச் வாசலில் இருந்த பெண் கார்டை மெஷினில் வைத்தாள். சிவப்பாக ஏதோ வந்தது. இன்னொரு முறை வைத்தாள். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. "மேடம், போன குவார்ட்டர்ல, அதாவது மூணு மாசத்துல, ஐம்பதாயிரம் செலவு ஆகியிருக்கணும், அப்பதான் இந்த குவார்ட்டர் எலிஜிபிள். சாருக்கு இந்தக் கார்டுல வராது, கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு மட்டும்தான்." அவள் மேல் தப்பு ஒன்றும் இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள். வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் வெளியே போய் இரண்டு காபி வாங்கி வந்தார். ஏர்போர்ட் காபி என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அந்த ஐம்பதாயிரத்திலும் வாடகை, பெட்ரோல் சேராது என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்.

வெளிநாட்டுச் சமாச்சாரம்: கொழுந்தனார் பாங்காக்கில் சரக்கு பார்க்கப் போனபோது என் கணக்கில் எடுத்த துணைக் கார்டில் எண்பதாயிரம் ரூபாய் அளவுக்குத் தேய்த்தார். வெளிநாட்டுப் பணத்தில் தேய்த்ததற்கு மார்க்அப் என்று 3.5% கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி, மொத்தம் ரூ.3,304. வெளிநாட்டுக் கடையில் "ரூபாயிலேயே பில் போடட்டுமா" என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று அந்த ஊர்ப் பணத்தையே அமுக்குங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைப்பதுதான் ரேட்.

ஏர்லைன் பெயர் போட்ட கார்டு வாங்கலாமா என்று தங்கை கேட்டாள். அந்த ஏர்லைனிலேயே அடிக்கடி போகிறவர்களுக்கு லாபம் இருக்கலாம். ஆனால் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதையே நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. மைல், அதாவது ஏர்லைன் தரும் பாயிண்ட், சேர்த்து வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

என் அபிப்பிராயம் இது. போன வருடச் செலவை எடுங்கள். பாயிண்ட் தராத செலவையெல்லாம் கழியுங்கள். மிச்சத்துக்கு எத்தனை பாயிண்ட், அது எத்தனை ரூபாய் என்று பார்த்து, ஜிஎஸ்டியோடு வருடக் கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள். நம்மைப் போன்ற சில்லறை வியாபாரிகள் பலருக்கு அது மைனஸில்தான் நிற்கும். அவர்களுக்குக் கட்டணம் இல்லாத ஒரு சாதாரண கேஷ்பேக் கார்டே போதும். இன்னொன்று, பில்லை முழுசாகக் கட்டாமல் மிச்சம் வைப்பவர்கள் பாயிண்ட் பற்றிப் பேசவே வேண்டாம். மாதம் 3.5 சதவீதத்துக்கு மேல் வட்டி போடும் கார்டுகள் உண்டு, வருடத்துக்கு நாற்பதைத் தாண்டும்.

புகார் எப்படிப் போனது என்றால், கஸ்டமர் கேரில் பேசியதெல்லாம் வீண். ஸ்கிரீன்ஷாட்டோடு பேங்கின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். வருடக் கட்டணத்தைத் திருப்பிப் போட்டார்கள், அதற்கான ஜிஎஸ்டியைத் திருப்பவில்லை. கார்டை மூடச் சொன்னால் "வேறு ஆஃபர் தருகிறோம்" என்று இழுத்தடித்தார்கள். 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி எதுவும் இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு ரூ.500 நமக்குத் தர வேண்டும். மெயிலில் இந்த ஒரு வரியை எழுதியதும் மறுநாளே மூடிவிட்டதாகப் பதில் வந்தது.

பாதுகாப்புத் திட்டப் பணத்துக்கு மட்டும் "ஓடிபி கொடுத்துச் சம்மதித்தீர்கள்" என்கிறார்கள். அதனால் பேங்க் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் போயிருக்கிறேன். முதலில் பேங்கிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லை என்றாலோ அவர்களின் இணையத் தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை. வழி தெரியவில்லை என்றால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம், தமிழிலேயே பேசுகிறார்கள்.

நம் தெருவில் அந்தப் பையனிடம் கார்டு எடுத்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று தெரியும். ஸ்டேட்மெண்டில் வருடக் கட்டணத்துக்குக் கீழே பாதுகாப்புத் திட்டம் என்று இன்னொரு கட்டணம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், அவன் அனுப்பிய மெசேஜ் ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். நான் எழுதிய மெயிலைத் தருகிறேன், பெயரையும் கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் மட்டும் மாற்றி அனுப்பலாம்.