சங்கீதம் 114: இரண்டாம் பாதி எதற்கு?

எபிரேய வேதாகமத்தின் பாடல்களான சங்கீதங்களில் ஒரு வசனம் பெரும்பாலும் இரண்டு பாதியாக வரும். முதல் பாதி சொன்னதையே இரண்டாவதும் சொல்வதுபோல இருக்கும். அப்படியானால் அது எதற்கு? எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை இரவில் யூதர்கள் பாடும் 114-ஆம் சங்கீதத்தை வைத்துப் பார்க்கலாம். எட்டே வசனம்தான்.

ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்த ராபர்ட் லவுத், 1753-இல் வெளிவந்த தம் லத்தீன் விரிவுரைகளில் இதை 'இணை' என்றார். ஒத்த இணை, எதிர் இணை, தொடர்ந்து சேர்த்துச் செல்லும் இணை என மூன்று வகை. படிக்க எளிது. ஆனால் முதல் இரண்டில் அடங்காததெல்லாம் மூன்றாவதில் போய் விழுகிறது.

வேதாகம அறிஞர் ஜேம்ஸ் குகெல் 1981-இல் இதை மறுத்தார். இரண்டாம் பாதி திருப்பிச் சொல்வதில்லை, 'அதுமட்டுமல்ல' என்று முதல் பாதியைத் தாண்டிப் போகிறது என்றார். கடைசி வசனத்தைப் பாருங்கள்: பாறை தடாகமாகிறது, சிக்கிமுக்கிக் கல் நீரூற்றாகிறது. எபிரேய மூலத்தில் 'ட்சூர்' பொதுவான பாறை. 'ஹல்லாமிஷ்' அதைவிடக் கடினமான கல். முதலில் தேங்கும் நீர், அப்புறம் ஊறும் நீர். இதை 'ஒரே பொருள்' என்றால் அற்புதமே பாதி போய்விடும். என் ஓட்டு குகெலுக்குத்தான்.

எல்லா இடத்திலும் அல்ல. நான்காம் வசனம்: மலைகள் ஆட்டுக்கடாக்களைப்போலத் துள்ளின, குன்றுகள் ஆட்டுக்குட்டிகளைப்போல. இங்கே எதுவும் ஏறவில்லை, லவுத் போதும். 'துள்ளின' என்ற வினை எபிரேயத்தில் முதல் பாதியிலேயே வந்துவிடும். தமிழில் இயல்பாக அது கடைசிக்குப் போவதால் இரண்டு பாதியும் ஒரே வாக்கியமாகி, நடுவில் இருக்கும் நிறுத்தம் நம் காதில் விழுவதில்லை.

ஆனாலும் இருவரும் பெரும்பாலும் வரியோடு நின்றுவிடுகிறார்கள். 1968-இல் வேதாகம அறிஞர் ஜேம்ஸ் மைலன்பர்க் வலியுறுத்திய அணியியல் அலசல் முழுப் பாடலையும் பார்க்கச் சொல்கிறது. அப்போதுதான் இது தெரியும்: இரண்டாம் வசனம் 'அவருடைய' பரிசுத்த ஸ்தலம் என்கிறது. யாருடைய? பெயர் இல்லை. கடல் கண்டு ஓடுகிறது. எதைக் கண்டு? அதுவும் இல்லை. 5, 6-ஆம் வசனங்கள் அதே சொற்களைத் திருப்பி, "கடலே, உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்கின்றன. ஏழாம் வசனத்தில்தான் பதில்: பூமியே, ஆண்டவருக்கு முன் நடுங்கு, யாக்கோபின் தேவனுக்கு முன். பெயரை இரண்டாம் வசனத்திலேயே நிரப்பிவிடும் மொழிபெயர்ப்பில் இந்தக் காத்திருப்பு காணாமல் போகிறது.