முதல் பியர்டட் டிராகனுக்கு எந்தக் கூண்டு? ரெடிமேட் கிட்டா, தனித்தனியாகச் சேர்ப்பதா?

பியர்டட் டிராகன் என்னும் ஓணான் வகைப் பிராணியை வளர்க்க முடிவெடுத்தவருக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒரே அட்டைப்பெட்டியில் எல்லாம் அடங்கி வரும் ரெடிமேட் கிட்: சின்னக் கண்ணாடித் தொட்டி, இரண்டு பல்பு, ஒரு பை மணல், கண்ணாடியில் ஒட்டும் வட்ட தெர்மாமீட்டர். மற்றது, கூண்டு, விளக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்று ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்துச் சேர்ப்பது. முதல் வழி ஒரே நாளில் முடிந்துவிடும். இரண்டாவதில் அலைச்சல் உண்டு. ஆனாலும் நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். கிட்டில் வரும் எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. எதை வைத்துக்கொள்ளலாம், எதை ஓரம் கட்டலாம் என்று பொருள் பொருளாகப் பார்த்துவிடுவோம்.

அதற்கு முன்னால் விலங்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பரவலாக வளர்க்கப்படும் இனம் போகோனா விட்டிசெப்ஸ். ஆஸ்திரேலியாவின் உட்பகுதி வறண்ட நிலம்தான் அதன் சொந்த ஊர். ஓணானும் இதுவும் ஒரே குடும்பம். வளர்ந்தபின் வாலோடு சேர்த்து 45 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. வெயிலில் காயும், சூடு ஏறியதும் நிழலுக்குப் போகும், மறுபடி வெயிலுக்கு வரும். நாள் முழுக்க இப்படி இடம் மாறித்தான் உடம்பைச் சரியான சூட்டில் வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே கூண்டுக்குள் வெயிலும் நிழலும் இருக்க வேண்டும். வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர் மூலை 24 முதல் 28 டிகிரி. இந்த வித்தியாசத்தைத் தர முடிகிறதா என்பதை வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறேன்.

அளவு

கிட்களில் அதிகம் வருவது 20 கேலன் தொட்டி. நீளம் 60 முதல் 75 செ.மீ., அகலம் 30 செ.மீ. அடுத்தது 40 கேலன், சுமார் 90க்கு 45 செ.மீ. தனியாக வாங்குவோர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது நாலுக்கு இரண்டுக்கு இரண்டு அடிக் கூண்டு. அதாவது 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். கேலன் கணக்கில் 120.

20 கேலன் தொட்டியை ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 50 செ.மீ. விலங்கு 30 செ.மீ. அகலத்தில் உடம்பை வளைக்காமல் திரும்பவே முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். கல்லை 40 டிகிரிக்குக் கொண்டுவரும் விளக்கு, அந்தக் குட்டிப் பெட்டி முழுவதையும் சூடாக்கிவிடும். சூடு தாங்காமல் ஒதுங்கப் பார்க்கும் விலங்குக்குப் போக்கிடம் இருக்காது. 40 கேலனில் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் வெயில் காயும் மேடு, மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் வைத்தபின் நடக்க இடம் மிஞ்சாது. 120 செ.மீ. நீளம் இருந்தால் வெயிலும் நிழலும் ஒரே கூரையின் கீழ் நிஜமாகவே கிடைக்கிறது.

"குட்டிக்கு எதற்கு அவ்வளவு பெரிய கூண்டு? பயந்துவிடும், பூச்சியைத் தேடிப் பிடிக்க முடியாமல் பட்டினி கிடக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. பூச்சியை வழுவழுப்பான கிண்ணத்தில் போட்டால் அது தேட வேண்டியதே இல்லை. இரண்டு மூன்று மறைவிடம் வைத்தால் பயமும் போய்விடும். குட்டி ஏறக்குறைய ஒரே ஆண்டில் பெரிதாகிவிடுகிறது. சின்னதை இப்போது வாங்கி, பெரியதைப் பிறகு வாங்குவது இரட்டைச் செலவு. வீட்டில் ஏற்கெனவே கிட் தொட்டி இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். உடம்பு சரியில்லாத நாட்களில் டிராகனைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ள அது உதவும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய கூண்டானாலும் ஒரு டிராகன்தான். இரண்டு சேர்ந்து ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். மேலே இருப்பது வெயிலைப் பிடித்துக்கொள்கிறது, கீழே இருப்பது அதை இழக்கிறது.

கண்ணாடியா, பிவிசியா, மரமா

கண்ணாடி எங்கும் கிடைக்கும், சுத்தம் செய்வது சுலபம், நான்கு பக்கமும் பார்க்கலாம். எடை அதிகம், சூட்டையும் சீக்கிரம் விட்டுவிடும். சில டிராகன்கள் தங்கள் பிம்பத்தை வேறொரு டிராகன் என்று எண்ணிக் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். பின்புறமும் இரு பக்கவாட்டும் வெளியிலிருந்து காகிதம் ஒட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பிவிசி கூண்டு எடை குறைவு, ஈரத்தை உறிஞ்சாது, சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். விலைதான் கையைக் கடிக்கும். மரக்கூண்டை அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம், நாமே கூடச் செய்யலாம். மூட்டுகளை சிலிகான் வைத்து அடைத்து, உட்புறம் முழுக்க வார்னிஷ் பூசி, வாடை துளியும் இல்லாமல் போகும்வரை காயவிட வேண்டும். ஒரு பக்கம் கீழேயும் எதிர்ப்பக்கம் மேலேயும் காற்றுத் துளை இருக்க வேண்டும். விளக்கு உள்ளே வருவதால் கம்பி வலைக் கவசம் கட்டாயம், இல்லையென்றால் தாவி ஏறிச் சுட்டுக்கொள்ளும்.

அறை எப்படியோ அதற்கேற்ற கூண்டு. குளிரான அறைக்குப் பிவிசியோ மரமோதான் சரி. வருடத்தின் பெரும்பகுதி அறையே 32 டிகிரியைத் தொடும் என்றால், சூட்டைப் பிடித்து வைக்கும் பெட்டி எமனாகிவிடும். அங்கே வலை மூடி போட்ட பெரிய கண்ணாடித் தொட்டிக்கே என் ஓட்டு.

எதுவானாலும் முன்பக்கம் திறக்கும் கதவாகப் பாருங்கள். காட்டில் இதைத் தூக்கிப் போகும் பறவை மேலிருந்துதான் வரும். மேல் மூடியைத் திறந்து இறங்கும் கையையும் அது அப்படித்தான் பார்க்கிறது.

யூவிபி விளக்கு: சுருள் பல்பா, நீள டியூபா

பணத்தை எங்கே கொட்டலாம் என்று கேட்டால் தயங்காமல் இங்கே என்பேன். தோலில் விழும் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர், அதாவது யூவிபி, வைட்டமின் டி3க்கு முந்தைய நிலைப் பொருளை உண்டாக்குகிறது. அது டி3 ஆக மாறுவதற்கு உடம்புச் சூடு வேண்டும். டி3 போதாவிட்டால், தினமும் பூச்சியின் மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுத்தாலும் உடம்பில் சரியாகச் சேராது. எலும்பில் இருக்கும் கால்சியத்தை உடம்பு உருவ ஆரம்பிக்கும். தாடை மெத்தென்று ஆகும், விரல் துடிக்கும், பின்னங்கால் வீங்கும், முதுகு வளையும். வளைந்த முதுகு பழையபடி நிமிர்வதில்லை.

கிட்டில் வருவது பெரும்பாலும் சுருள் பல்பு. அதன் கதிர் நேர் கீழே ஒரு சிறு வட்டத்தில்தான் விழுகிறது, தூரம் கூடக் கூட மளமளவென்று குறைகிறது. தலை வெளிச்சத்தில் இருந்தால் உடம்பு வெளியே கிடக்கும். டி5 எச்ஓ எனப்படும், மெல்லிய, திறன் கூடிய நீள டியூபோ கூண்டு நீளத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை பரவும், மீதி நிழல். தலை முதல் வால் வரை ஒரே மாதிரி கதிர் படும். ஆர்கேடியா 12 சதவீதம், சூ மெட் ரெப்டிசன் 10.0 இரண்டும் வளர்ப்பவர்களிடையே புழங்கும் பெயர்கள். இரண்டில் எது கிடைத்தாலும் சரி.

மூன்றாவதாக மெர்குரி வேப்பர் பல்பு இருக்கிறது. சூடும் யூவிபியும் ஒன்றிலேயே வருவதால் ஆசையாக இருக்கும். ஆனால் அதை மங்கவைக்க முடியாது, தெர்மோஸ்டாட்டில் மாட்டவும் முடியாது. சூடு அதிகமென்றால் பல்பைத் தூக்கிக் கட்டுவது ஒன்றுதான் வழி, தூக்கினால் யூவிபியும் குறைந்துவிடும். உயரமான கூண்டு வைத்திருக்கும் அனுபவசாலிக்குச் சரி, முதல்முறை வளர்ப்பவருக்கு வேண்டாம்.

டியூபை வாங்கினால் மட்டும் போதாது, மாட்டும் விதமும் முக்கியம். சாதாரணக் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், ஆகவே கண்ணாடி மூடியின் மேல் வைத்தால் பயன் இல்லை. கம்பி வலையும் இழையின் நெருக்கத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தின்றுவிடும். வலைக்கு மேலே மாட்டினால் டிராகனின் முதுகுக்கும் டியூபுக்கும் சுமார் 25 முதல் 30 செ.மீ., உள்ளே மாட்டினால் இன்னும் கொஞ்சம் அதிகம். தயாரிப்பாளர் தரும் தூர அட்டவணையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். யூவி அளக்கும் சோலார்மீட்டர் 6.5 கருவி யாரிடமாவது இரவல் கிடைத்தால், முதுகு மட்டத்தில் யூவி குறியீடு 3 முதல் 5 வரை வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

டியூபைப் பக்கவாட்டில் மாட்டக் கூடாது. மேலிருந்து வரும் வெயிலைக் கண்ணில் படாமல் அதன் புருவமேடு மறைத்துவிடும், பக்கத்திலிருந்து வருவதற்கு மறைப்பு இல்லை. வெப்ப பல்பும் டியூபும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கதிரும் சூடும் ஒரே நேரத்தில் உடம்பில் பட்டால்தான் மேலே சொன்ன டி3 வேலை ஒழுங்காக நடக்கும். கண்ணுக்கு வெளிச்சம் அப்படியே தெரிந்தாலும் ஓராண்டில் யூவிபி தேய்ந்துவிடும். மாட்டிய தேதியை டியூபின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

வெப்பம்

கிட்டில் ஒரு சிவப்பு பல்பு இருக்கும், "இரவுக்கு" என்று அட்டையில் போட்டிருக்கும். டிராகனுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும். இரவெல்லாம் சிவப்பு வெளிச்சத்தில் அதனால் சரியாகத் தூங்க முடிவதில்லை. அதைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம். இரவில் 18 டிகிரி வரை இறங்கினால் ஆரோக்கியமான டிராகனுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குக் கீழே போகும் அறையென்றால் வெளிச்சமே இல்லாத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு மாட்டலாம்.

பகலுக்கு வெள்ளை ஹாலோஜன் ஃபிளட் பல்பை மிஞ்ச எதுவும் இல்லை. அதில் வரும் அகச்சிவப்புக் கதிர் தோலோடு நின்றுவிடாமல் சதைக்குள் இறங்கிச் சூடேற்றுகிறது, வெயில் போல. குவிந்து விழும் ஸ்பாட் வகையைத் தவிருங்கள், முதுகில் ஒரே இடத்தில் சுட்டுவிடும். ஹாலோஜனை மங்கவைக்கும் வகை தெர்மோஸ்டாட்டில்தான் மாட்ட வேண்டும். விட்டு விட்டு எரியும் வகையில் மாட்டினால் கூண்டு மினுக்கிக்கொண்டே இருக்கும், பல்பும் சீக்கிரம் போய்விடும்.

மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல் வேண்டவே வேண்டாம். வயிற்றுக்கு அடியில் சூடு எல்லை மீறுவதை டிராகன் சரியாக உணர்வதில்லை, வெந்து புண்ணாகும்வரை அதன் மேலேயே படுத்திருக்கும்.

தரையில் எதைப் போடலாம்

கால்சியம் மணல் பையில் "செரிக்கும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஈரம் பட்டால் கட்டியாகும் பொருள் அது. நக்கிப் பார்க்கத் தூண்டும் சுவையோடு குட்டியின் காலடியில் கொட்டுகிறார்கள். வால்நட் ஓட்டுத் தூளும் அப்படித்தான், முனைகள் கூர்மையானவை. செயற்கைக் கம்பளத்தின் இழையில் நகம் மாட்டிக்கொள்ளும்.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று காகிதமோ சொரசொரப்பான ஓடோ, மற்றது மண்ணும் மணலும் கலந்த தளர்ந்த தரை. இவை இரண்டுக்கும் நடுவே நடக்கும் விவாதத்தில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. மண்ணில் தோண்டுவது இதன் இயல்பு, தோண்டக் கிடைத்த டிராகன் சுறுசுறுப்பாக இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மண் தின்று குடல் அடைத்துக்கொள்ளும் பேச்சும் பொய்யில்லை, ஆனால் அது பெரும்பாலும் சூடு போதாமல், நீர்ச்சத்துக் குறைந்து, வயிற்றில் புழு இருக்கும் விலங்குக்குத்தான் வருகிறது. என் யோசனை: முதல் சில மாதங்கள் காகிதம். எச்சம் எப்படி இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும், மருத்துவரிடம் காட்ட எடுப்பதும் எளிது. வெப்பமும் விளக்கும் நிலைத்து, எச்சப் பரிசோதனையும் சுத்தமாக வந்தபின், ரசாயனம் சேராத தோட்ட மண் 60 பங்கு, கழுவிய மணல் 40 பங்கு கலந்து போடலாம். வெயில் காயும் இடத்தில் மட்டும் எப்போதும் தட்டையான கல் இருக்கட்டும், நகமும் தேயும்.

அளக்கும் கருவி

ஒட்டும் வட்ட தெர்மாமீட்டரை நம்ப முடியாது. ஒருவர் கூண்டைப் பார்க்கப் போயிருந்தேன். கண்ணாடியில் ஒட்டிய முள் 34ல் நின்றது, டிராகனோ குளிர்ந்த மூலையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கல்லின் மேல் நீட்டியதும் 50ஐத் தாண்டியது. முள் காட்டியது கண்ணாடியின் சூட்டை, விலங்கு படுக்க வேண்டியதோ கல்லின் மேல். வெயில் காயும்போது கொஞ்சம் வாய் திறப்பது இயல்புதான், குளிர்ந்த பக்கத்திலும் திறந்தபடியே இருந்தால் கூண்டு முழுக்கச் சூடு என்று பொருள். இன்ஃப்ராரெட் ஒன்று, இரு முனையிலும் வைக்க டிஜிட்டல் சென்சார் இரண்டு. இவ்வளவு போதும். ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருந்தால் நல்லது, அவ்வப்போது கொஞ்சம் ஏறினால் பதற வேண்டாம்.

கையில் இருக்கும் பணம் குறைவென்றால் கூண்டைப் பழையதாக வாங்குங்கள். கிருமிநாசினி போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால் பழைய கூண்டும் புதுசுக்குச் சமம். யூவிபி டியூபை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அலங்காரக் கொடியும் ஊஞ்சலும் கடைசியில் வரட்டும். எல்லாம் மாட்டியபின் டைமரைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வைத்து, விலங்கு இல்லாமலே ஒரு வாரம் ஓடவிடுங்கள். காலை, மதியம், விளக்கு அணைவதற்குச் சற்று முன், நள்ளிரவு என்று கல்லையும் எதிர் மூலையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மதியத்தில் கல் 42ஐத் தாண்டினால் மேட்டை இறக்குங்கள் அல்லது தெர்மோஸ்டாட்டைக் குறையுங்கள். மேட்டை இறக்கினால் டியூபுக்கும் முதுகுக்கும் இடையிலான தூரத்தை மறுபடி அளக்க மறக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எண்கள் மாறாமல் நின்றால் டிராகனைக் கொண்டுவரலாம்.