1941: டெட் வில்லியம்ஸா, ஜோ டிமாஜியோவா?

1941இல் அமெரிக்கப் பேஸ்பாலில் யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் தளத்தையாவது எட்டுவது) அடித்தார். ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸோ 0.406 என்ற சராசரியுடன் (மட்டை வீசிய வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்ற கணக்கு) அந்தப் பருவத்தை முடித்தார். மிகச் சிறந்த வீரர் விருது டிமாஜியோவுக்கே போனது. கடைசி நாள் காலையில் வில்லியம்ஸின் சராசரி 0.39955, ஆடாமல் ஒதுங்கியிருந்தாலே அது 0.400 என்று கணக்கில் ஏறியிருக்கும் என்றபோதும், பிலடெல்பியாவில் இரண்டு ஆட்டங்களிலும் களமிறங்கி, 8 வாய்ப்புகளில் 6 ஹிட் அடித்தார்.

டிமாஜியோ 9 முறை உலகத் தொடரை (பேஸ்பால் பருவத்தின் இறுதிச் சாம்பியன் தொடர்) வென்ற அணியில் இருந்தவர். வில்லியம்ஸுக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை. ஆனால் மட்டையை மட்டும் எடைபோட்டால், இரண்டு போர்களில் ஏறக்குறைய ஐந்து பருவங்களைப் படையில் கழித்தும் 521 ஹோம் ரன்களையும் (ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றி வர வைக்கும் அடிகள்) 0.344 சராசரியையும் எட்டிய வில்லியம்ஸே, 361 ஹோம் ரன்களும் 0.325 சராசரியும் கொண்ட டிமாஜியோவைவிட (அவரும் மூன்று பருவங்களைப் போருக்குக் கொடுத்தவர்தான்) எனக்கு ஒரு படி மேல்.