காக்ராவா, காண்ட்வியா?

அகமதாபாத்தில் வீட்டுப் பலகாரத்தைச் சிறு தொழிலாக்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: காய்ந்த பண்டமா, ஈரப் பண்டமா?

காக்ரா என்பது கோதுமை மாவை மெல்லிசாகத் தேய்த்து, அரைவேக்காட்டில் எடுத்து, மறுபடி தவாவில் போட்டுக் கட்டையால் அழுத்தி மொறுமொறுவெனச் சுடுவது. ஈரம் போய்விடுவதால் டப்பாவில் வாரக்கணக்கில் கெடாது. கூரியரிலும் அனுப்பலாம் (வழியில் உடைவது வேறு கதை). சிக்கல் என்னவென்றால், இதை இயந்திரமும் செய்கிறது. விலையில் போட்டி போடுவது கடினம்.

ஈரப் பண்டமான காண்ட்விக்குக் கைப்பக்குவம்தான் எல்லாம். கடலை மாவை மோரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறி, சூடு ஆறுவதற்குள் தட்டில் மெல்லிசாகத் தடவி, பிறகு சுருட்ட வேண்டும். பதம் முந்தினால் சுருளாது, பிந்தினால் பரவாது. கடுகும் எள்ளும் தாளித்துக் கொட்டியதும் அன்றைக்கே தின்றுவிட வேண்டும். அப்புறம் எங்கே வெளியூருக்கு அனுப்புவது?

1959இல் மும்பையில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் என்ற பெண்கள் கூட்டுறவு அமைப்பு விற்றதும் காய்ந்த பண்டமான அப்பளம்தான்.

என்னைக் கேட்டால், தினசரி வருமானத்துக்குக் காக்ரா. சரி, காண்ட்வி? முதல்நாளே ஆர்டர் வாங்கிக்கொண்டு, ஞாயிறு காலையில் மட்டும் அக்கம்பக்கத்துக்குப் போடலாம்.