டபுள் ஹல்லா, மிட்-டெக்கா?

மண்டபத்தில் எங்கள் விசைப்படகுக்கு இந்தத் தடைக்காலத்தில் புது டீசல் டேங்க் வைத்தோம். பக்கவாட்டோடு ஒட்டி வைத்தால் இன்னும் கொஞ்சம் டீசல் பிடிக்குமே என்றான் தம்பி. இடைவெளி விட்டுத்தான் வைக்கணும் என்று நின்றேன். ஒன்பது வருடம் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தது அப்படிச் சொல்ல வைத்தது.

எண்ணெய்க் கப்பலில் எண்ணெய்க்கும் கடலுக்கும் நடுவே ஒரே சுவர் இருக்கலாம்; இடைவெளி விட்டு இரண்டு சுவர் இருந்தால் அது டபுள் ஹல்; டேங்குக்குள் ஒரு தளம் போட்டால் மிட்-டெக். ஒற்றைச் சுவர்க் கப்பலைப் பற்றிப் பேச அதிகமில்லை. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் பாறையில் ஏறி சுமார் 37,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியதோடு அதன் காலம் முடியத் தொடங்கியது.

மிட்-டெக் சாமர்த்தியமான வடிவம். டேங்குக்குள் குறுக்கே ஒரு தளம். கீழ்ப்பகுதியில் எண்ணெயின் அழுத்தத்தைவிட வெளியே கடலின் அழுத்தம் அதிகம். அடி கிழிந்தால் எண்ணெய் இறங்காது, தண்ணீர்தான் உள்ளே ஏறும். சர்வதேச கடல்சார் அமைப்பு இதை ஏற்றது. அமெரிக்காவின் 1990 சட்டமோ டபுள் ஹல்தான் வேண்டும் என்றது. மிட்-டெக் கப்பலில் நான் ஏறியதில்லை, அதனால் அதன் குறைகளை அடித்துச் சொல்ல மாட்டேன்.

டபுள் ஹல்லில் பெரிய கப்பல் என்றால் இரண்டு சுவருக்கும் நடுவே சுமார் 2 மீட்டர். லேசாகத் தரைதட்டினால் சேதம் வெளிச்சுவரோடு நின்றுவிடும். வேகமாக வந்து இடித்தால் இரண்டுமே கிழியலாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. அந்த இடைவெளிதான் பேலஸ்ட் டேங்க். சரக்கு இல்லாதபோது கப்பல் நிலையாக நிற்க அதில் கடல்நீர் நிரப்புவார்கள். உப்பும் சூடும் சேர்ந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். துரு காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் குடித்துவிடுவதால், காற்றடித்து, அளந்து பார்த்த பிறகே இறங்குவோம். முழங்கால் சேற்றில் டார்ச்சோடு குனிந்து சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு 'ணங்' என்னும், அரித்தது 'சொத்' என்னும். துரு அப்பளம் போல உதிரும். உள்சுவரில் ஊசித்துளை விழுந்தாலே எண்ணெய் ஆவி இங்கே வந்து தேங்கும், ஒரு பொறி போதும். இத்தனை தொல்லை இருந்தும் நான் டபுள் ஹல் பக்கமே. எண்ணெய் ஏற்றிப் போகும்போது பேலஸ்ட் டேங்க் காலியாக இருக்கும், ஆள் இறங்கிப் பார்க்கலாம். ஒற்றைச் சுவரிலும் மிட்-டெக்கிலும் போல எண்ணெய் நேராக அடித்தகட்டில் உட்கார்ந்திருந்தால், காலி செய்து, கழுவி, வாயுவை வெளியேற்றிய பிறகுதான் உள்ளே போக முடியும்.

இன்னொன்று. 2017இல் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது கரையில் தார் போல அப்பியது கப்பல் ஓட்டும் எரிஎண்ணெய். சரக்கு டேங்கை மட்டும் காத்தால் போதாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளத்திலும் கடற்புல்லிலும் அது படிந்தால் வாளியால் அள்ளி எடுக்க முடியாது.

படகில் பக்கவாட்டுக்கும் டேங்குக்கும் நடுவே தம்பியை முழங்கை வரை கைவிட்டுத் துழாவிப் பார்க்கச் சொன்னேன். அடிமூலை வரை எட்டியது. அப்புறம்தான் போல்ட்டை முறுக்கினோம்.